கிருதாக்காரர் சாகாத முப்பத்தொரு நாட்கள்

தலைக்குப் பூசும் கறுப்பு மையை வாங்கிக்கொண்டு, "எனக்கில்லை, அக்காவுக்கு" என்று கடைக்காரப் பிள்ளையிடம் பொய் சொல்லும் என் வயதுக்காரர்களே, உங்களோடுதான் பேசுகிறேன். பிறந்தநாள் விருந்துகளில் ஒரு மூலையில் கூடி, சின்ன வயதில் எந்த நடிகருக்காக யாரோடு சண்டை பிடித்தீர்கள், யாருடைய படத்தைக் கொப்பிக்குள் ஒளித்து வைத்தீர்கள் என்று மாறி மாறிச் சொல்வீர்கள். அந்த நேரம் பார்த்து நான் இன்னொரு ரோல்ஸ் எடுக்கப் போய்விடுவேன். பசியினால் அல்ல. என்னுடைய கதாநாயகனைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்ற பயத்தினால்.

அவர் தமிழர் இல்லை. பிலிப்பைன்ஸ்காரர். அவருடைய பெயரை இன்றைக்கும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. நானும் தம்பியும் அவரைக் கிருதாக்காரர் என்றுதான் சொல்வோம். காதோரம் இறங்கிய அடர்ந்த கிருதா, தடித்த மீசை, ஒரு பக்கத் தோளைக் கொஞ்சம் சாய்த்து நடக்கிற நடை. மெதுவாகத்தான் பேசுவார். என்ன பேசினார் என்று மட்டும் கேட்காதீர்கள். பதினான்கு படம் பார்த்தும் ஒரு சொல் விளங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், யுத்தத்துக்குத் தப்பி வந்த நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவில் ஒரு பிலிப்பைன்ஸ் அன்ரி தனியாக இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை. பகல் இரண்டு மணிக்கு எழும்பி, சோறு போட்டு, கருவாடு பொரிப்பார். நாங்களும் கருவாடு பொரிப்போம். மணம் தாங்காத யாரோ முறைப்பாடு செய்ய, கட்டட சுப்பரின்ரென்டன் வந்து நடைபாதையின் நடுவில் நின்று மூக்கை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அன்ரி எங்கள் கதவைக் காட்டுவார். அம்மா அன்ரியின் கதவைக் காட்டுவார். அவர் போனதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுடைய சிநேகிதம் அப்படித் தொடங்கியதுதான். இரண்டு பேரிடமும் சேர்த்து நாற்பது இங்கிலிஷ் சொற்கள் இருந்திருக்கும். அதற்குள் எல்லாம் பேசி முடித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊரிலிருந்து செய்தி வந்தது. அம்மாவின் ஒரே அண்ணன், எங்கள் மாமா, செத்துப்போனார். லொறி ஓட்டிக்கொண்டு போகும்போது ஷெல் விழுந்ததாம். எனக்கு மாமாவைக் கனவு மாதிரித்தான் ஞாபகம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். லொறியில் சாய்ந்தபடி, யாரையோ அடித்துவிட்டு இப்போதுதான் வந்தவர்போல நிற்பார். உண்மையிலும் அடித்துவிட்டுத்தான் வந்தவராம். மாமாவுக்கு வாயைவிடக் கை முந்தும். நியாயத்துக்குத்தான் அடிப்பார் என்பது அம்மாவின் கட்சி. நியாயத்தைக் கேட்க முன்னமே அடிப்பார் என்பது அப்பாவின் கட்சி.

அம்மா தொலைபேசியை வைத்தார். அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. போய் அதை இறக்கினார். வந்து இருந்தார். அழவில்லை.

பக்கத்துக் கட்டடத்தில் இருந்த மாமி, அப்பாவின் அக்கா, அரை மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தார். சடங்கு சம்பிரதாயம் எல்லாவற்றுக்கும் மாமிதான் எங்கள் குடும்பத்து உச்ச நீதிமன்றம். வந்ததும் தீர்ப்புச் சொன்னார்.

"கலியாணம் முடிச்ச பொம்பிளைக்குப் பிறந்த வீட்டுத் துடக்கு மூண்டு நாள்தான். அதுக்குப் பிறகு நீ எங்கட பக்கம். ஒண்டும் காக்கத் தேவையில்லை."

"எனக்கு முப்பத்தொரு நாள், மச்சாள்," என்றார் அம்மா.

"அப்பிடி ஒரு முறை இல்லைப் பிள்ளை."

"முறை இல்லாட்டிலும் எனக்கு முப்பத்தொண்டு."

அவ்வளவுதான். முப்பத்தொரு நாளும் சாவுத் தீட்டு. வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, பாட்டு இல்லை, படம் இல்லை. எங்களை நன்றாகத் தெரிந்த அம்மா, வீடியோ டெக்கின் வயர்களைச் சுவரிலிருந்து பிடுங்கி, அதை ஒரு பச்சைத் துவாயால் சுற்றி அப்பாவின் கையில் கொடுத்தார். எதிர்வீட்டு அன்ரியின் டெக் ஒரு மாதமாகப் பழுது. இதை வைத்திருக்கட்டும், துடக்கு முடிய எடுப்போம் என்று ஏற்பாடு. அப்பா நடைபாதையைக் கடக்கும்போது எலிவேற்றரால் இறங்கிய ஒரு வெள்ளைக்காரக் கிழவி துவாய்ப் பொட்டலத்தைக் கண்டு, குழந்தை என்று நினைத்து, "கொங்கிராட்சுலேஷன்ஸ்" என்றார். அப்பாவும் பேசாமல் "தாங்க் யூ" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு என்ன செய்வது?

எங்கள் வீட்டில் ஆட்கள் வந்து குவிந்தார்கள். செத்தவீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கும்தானே. கதவைத் திறந்ததும் கட்டிப்பிடித்து அழ வேண்டும், அவர்களும் கொஞ்சம் அழ வேண்டும், பிறகு தேத்தண்ணி குடிக்க வேண்டும். அம்மா நேரே தேத்தண்ணிக்குப் போய்விடுவார். சீனி எவ்வளவு என்று கேட்பார். வந்தவர்கள் அழத் தயாராக வைத்திருந்த முகத்தோடு தடுமாறிப்போய் உட்காருவார்கள்.

மாமிக்கு இது பெரிய அவமானமாய்ப் போய்விட்டது. "ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சனம் என்ன கதைக்கும்?" என்று அப்பாவைக் குசினிக்குள் இழுத்துவைத்துக் கேட்டார். நாலாம் நாள் தானே பொறுப்பெடுத்தார். அம்மாவுக்கு ஒரு தொடக்கம் கொடுத்தால் மிச்சம் தானாக வரும் என்று நினைத்து, சோபாவில் இருந்துகொண்டு, "என்ர ராசா, லொறி ஓட்டின துரையே" என்று குரலெடுத்து ஒப்பாரி வைத்தார். அம்மா கவலையோடு பார்த்து, "தண்ணி தரவோ மச்சாள்?" என்று கேட்டார். மேல்வீட்டுக்காரன் தரையில் மூன்று தரம் இடித்தான்.

எனக்கோ பயமாக இருந்தது. பத்து வயது எனக்கு. அழாமல் இருந்தால் அந்த அழுகை உள்ளுக்குள்ளே ஊறி அம்மா நோயாளியாகிச் செத்துப்போவார் என்று மாமி தொலைபேசியில் யாருக்கோ சொன்னதைக் கேட்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் முதலில் அம்மாவின் கண்ணைத்தான் பார்ப்பேன். காய்ந்துபோய்த்தான் இருக்கும். அம்மா தையல் மெசினுக்கு முன்னால் குனிந்து, கடைக்காரன் கொடுத்த சேர்ட் கழுத்துகளைத் தைத்துக்கொண்டு இருப்பார்.

அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல்தான் டெக்கைத் தேடிப் போனோம் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். டெக் இல்லாமல் இருக்க முடியாமல்தான் போனோம்.

அன்ரி கதவைத் திறந்து, சோபாவில் இருத்தி, ஒரு கோப்பையில் சோறும் பொரித்த கருவாடும் வினாகிரியும் தந்தார். துடக்கு அங்கேயே முறிந்தது. பிறகு ஒரு வீடியோக் கொப்பியை டெக்குக்குள் தள்ளினார். கிருதாக்காரர் வந்தார்.

அவருடைய படங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அவர் ஏழை, நல்லவர், தன் பாட்டில் இருப்பார். கெட்டவர்கள் வந்து அடிப்பார்கள். பொறுப்பார். திரும்பவும் அடிப்பார்கள். பொறுப்பார். மூன்றாம் தரம் வேறு யாரையாவது, ஒரு கிழவரையோ குழந்தையையோ, தொட்டுவிடுவார்கள். அப்போது அவர் தொப்பியைக் கழற்றி வைப்பார். அதன்பின் கெட்டவனின் வயிற்றில் அவருடைய இரண்டு கையும் தையல் மெசின் ஊசிபோல ஓடும். தம்பி சத்தமாக எண்ணுவான். ஒரே மூச்சில் இருபத்தேழு என்பதுதான் உச்சம். அன்ரி எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். "பேட் மான்," என்பார். கொஞ்சம் பொறுத்து, "வெரி பேட் மான்." பிறகு ஒரு விரலைத் தூக்கி, "நவ், யூ வெயிற்."

ரீவிக்கு மேலே ஒரு குழந்தை யேசு சிலை இருந்தது, சிவப்பு வெல்வெற் உடுப்போடு. சண்டை தொடங்கப்போகிறது என்றால் அன்ரி ஓடிப்போய் அந்தச் சிலையின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார். குழந்தைப்பிள்ளை அடிபிடி பார்க்கக்கூடாது. சண்டை முடிந்து பாட்டு வந்ததும் எங்கள் பக்கம் திருப்பி வைப்பார். எங்களைத் திருப்பி வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு கொப்பி மட்டும் வேறு மாதிரி. அதில் கிருதாக்காரர் சுடுபட்டு, ஆற்றங்கரையில் இரத்தம் ஊறிய சேர்ட்டோடு நின்று எங்களைத் திரும்பிப் பார்ப்பார். அந்த இடத்தில் அன்ரி படக்கென்று நிறுத்தினார். "பினிஷ். ஹீ கோ ஹோம்," என்றார். தம்பிக்குச் சந்தேகம். அன்ரி கருவாட்டைப் புரட்டக் குசினிக்குப் போன நேரம் அவன் பட்டனை அமத்தினான். கிருதாக்காரர் சேற்றில் முழங்காலில் விழுந்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு முகம் குப்புற விழுந்து, எழும்பவே இல்லை. அன்ரி அகப்பையோடு ஓடிவந்து ரீவியையே அணைத்தார். முதல் தடவையாக எங்களை ஏசினார், தன்னுடைய பாஷையில். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் எல்லாம் விளங்கியது. அவர் அந்த முடிவை ஒருநாளும் ஓட விடுவதில்லை.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, எங்களைத் தேடி அம்மா வந்தார். கதவைத் திறந்ததும் தம்பியின் வாயை மணந்து பார்த்தார். கருவாடு. காதைப் பிடிக்கக் கையை நீட்டியவர், அப்படியே நின்றுவிட்டார். ரீவியில் கிருதாக்காரர் ஒரு பழைய லொறியில் சாய்ந்தபடி, தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"உவன் எங்கட அண்ணையைப் போல இருக்கிறான்," என்றார் அம்மா. "நிக்கிற நிலையும் அப்பிடியே."

சோபாவின் நுனியில் இருந்தார். கெட்டவர்கள் ஆறு பேர் வந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்தார்.

"சாவானோ? அன்ரியைக் கேள்."

கேட்டேன். அன்ரிக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "ஹீ நோ டை. நெவர்." தங்கள் ஊரில் இந்த மனிசன் செத்தால் சனம் தியேட்டர் கதிரைகளை உடைத்துவிடும் என்று கையாலும் காலாலும் நடித்துக் காட்டினார். நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு நாளும் வந்தார். "துடக்கு வீட்டிலை படம் எண்டு மாமி கேட்டால்?" என்று தம்பி கேட்டான். அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. "எங்கட வீட்டிலை ஓடேல்லை. பாஷையும் விளங்கேல்லை. விளங்காதது படமில்லை."

இந்தச் சட்டத்தை உடைக்கத்தான் மாமி வந்தார். வாசலில் நின்று, "மச்சம் மணக்கிற வீட்டிலை, செத்தவீட்டுக்காரி!" என்று தொடங்கினார். கிருதாக்காரருக்கு இரண்டாவது அடி விழுந்துகொண்டிருந்தது. மாமி பேச்சை நிறுத்தினார். மூன்றாவது அடி ஒரு கிழவிக்கு விழுந்தது. கிருதாக்காரர் தொப்பியைக் கழற்றி வைத்ததும் மாமி கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, "அடியடா! உவனை விடாதை, அடி!" என்று கத்தினார். அன்ரியின் மேல்வீட்டுக்காரனும் இடித்தான். அடுத்த நாள் மாமி அரை மணித்தியாலம் முந்தியே வந்து நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டார். அப்பாவும் டெக்கின் சுகத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அம்மா மட்டும் கத்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஒவ்வொரு படம் முடியும்போதும் கிருதாக்காரர் காயத்தோடு நடந்து வீட்டுக்குப் போவதைப் பார்த்துவிட்டு, "சரி, வீட்டை போயிட்டான்," என்று எழும்புவார். அவர் சாகாத மனிதனைப் பார்க்கத்தான் வருகிறார் என்று எனக்கு விளங்கியது. அவர் சாகிற அந்த ஒரு கொப்பி அம்மாவின் கண்ணில் பட்டால்? அழாமலே நோய்ப்பட்டுச் செத்துவிடப்போகிறவர், அதைப் பார்த்தால் அங்கேயே செத்துவிடுவார்.

எனவே திருடினேன். கொப்பியை என் புத்தகப் பைக்குள் போட்டு இரண்டு கிழமை பள்ளிக்கூடத்துக்குச் சுமந்தேன். ஒருநாள் பை கவிழ்ந்து அது வெளியே விழுந்தது. ரீச்சர் எடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்கு வாயில் வந்தது, "மை அங்கிள்" என்பதுதான். மாமா செத்தது ரீச்சருக்குத் தெரியும். கண் கலங்கி, கொப்பியை இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலே அதுதான் மிக நன்றாக வேலை செய்தது.

ஆனால் அன்ரி கொப்பியைக் காணாமல் தவித்துப்போனார். சோபாவைப் புரட்டினார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தரும் புனிதர் ஒருவருக்கு ஒவ்வொரு நாளும் மெழுகுதிரி கொளுத்தினார். என்னையும் முழந்தாளில் இருத்திக் கும்பிட வைத்தார். நான் திருடிய சாமானைக் கண்டுபிடித்துத் தரும்படி நானே கும்பிட்டேன். இருபத்தொன்பதாம் நாள் தாங்க முடியாமல் கொப்பியைச் சோபாவுக்குக் கீழே தள்ளிவிட்டேன். பத்து நிமிடத்தில் அன்ரி கண்டெடுத்தார். அற்புதம்! அழுதார், என்னைக் கொஞ்சினார், எதிர்க்கதவைத் தட்டினார். அற்புதத்தைக் கொண்டாட அம்மா, அப்பா, மாமி எல்லோரையும் கூட்டிவைத்து அதே கொப்பியைப் போட்டார்.

இப்படித்தான் எனக்கு எப்போதும் நடக்கும்.

படம் ஓடியது. கிருதாக்காரர் ஆற்றங்கரைக்கு வந்தார். சேர்ட்டில் இரத்தம். திரும்பிப் பார்த்தார். அன்ரி படக்கென்று நிறுத்தினார். "பினிஷ்."

"என்ன, முடிஞ்சுதோ?" என்றார் மாமி. "அரைவாசியிலை நிண்டமாதிரிக் கிடக்கு."

அம்மா என்னைப் பார்த்தார். "அவனுக்கு என்ன நடந்தது பிள்ளை?"

"வீட்டை போயிட்டாராம் அம்மா," என்றேன்.

அம்மா கறுத்துப்போன திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னை. "சரி," என்று எழும்பினார்.

முப்பத்தோராம் நாள் மரக்கறிச் சமையல், படையல், விளக்கு. அடுத்த நாள் அதே பச்சைத் துவாயில் டெக் வீட்டுக்கு வந்தது. அம்மா கடைசி வரைக்கும் அழவில்லை என்று மாமி ஊரெல்லாம் சொன்னார். தொண்ணூறு தாண்டி ஸ்காபரோவில் முதியோர் கட்டடம் ஒன்றில் இருக்கும் மாமி இன்றைக்கும் அதைச் சொல்கிறார். ஆனால் அம்மா நோய்ப்படவும் இல்லை, சாகவும் இல்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று இத்தனை வருடமாக எனக்குள் ஒரு பெருமை இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூன்று பிள்ளை பெற்ற பிறகும் இருந்தது.

அன்ரி சில வருடங்களில் வின்னிபெக் பக்கம் போய்விட்டார். கருவாட்டு மணத்துக்கு நாங்கள் மட்டும் பொறுப்பானோம்.

போன மாதம் ஸ்ரௌவ்வில்லில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா அங்கேதான். தம்பி தன்னுடைய சுவரளவு ரீவியைப் பெருமையாகக் காட்டி, எதைக் கேட்டாலும் இதில் வரும் என்றான். தேடித் தேடிக் கடைசியில் அந்தப் படத்தைப் பிடித்தோம். கிருதாக்காரர் எங்களைவிட இளமையாக இருந்தார். தம்பி இந்த வயதிலும் குத்துகளை எண்ணினான். ஆற்றங்கரை வந்தது, திரும்பிப் பார்த்தார். என் விரல் தானாகப் போய் நிறுத்தியது.

"ஏன் நிப்பாட்டினனீ?" என்றார் அம்மா. "இனித்தானே அவன் சாகிறது."

நானும் தம்பியும் ஆளையாள் பார்த்தோம்.

"உனக்குப் பொய் சொல்லத் தெரியாது பிள்ளை. முகத்திலை எழுதிக் கிடக்கும். அடுத்த நாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு போய்த் தட்டினன். பாவம், நித்திரையிலை கிடந்தவ. எனக்கு முடிவு வேணும் எண்டு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை. கொப்பியைக் காட்டினன், பட்டனைக் காட்டினன். அவ மாட்டன் மாட்டன் எண்டு தலையை ஆட்டினா. நான் அண்ணையின்ர லொறிப் படத்தைக் கொண்டு போனனான். அதைக் காட்டினன். பிறகு போட்டா."

"ஏனம்மா?" என்றேன்.

"அண்ணை செத்ததை நான் பாக்கேல்லையே. ரெலிபோனிலை ஆரோ சொன்னது. என்னெண்டு அழுறது? அவன் அந்தச் சேத்துக்குள்ளை விழேக்கைதான் எனக்கு அண்ணை செத்தது." அம்மா சேலைத் தலைப்பை மடியில் இழுத்துவிட்டார். "அண்டைக்கு அவ அந்தச் சாமியையும் திருப்பி வைக்கேல்லை. அதுவும் பாத்துக்கொண்டு இருந்தது. அவவும் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. அவவுக்கும் செத்தவீட்டுக்குப் போக ஏலாமல் போன ஆரோ அங்கை இருந்திருக்கினம். நான் கேக்கேல்லை. கேட்டாலும் விளங்கியிராது."

நான் அம்மாவின் பக்கத்தில் போய் இருந்தேன். நாற்பது சொல்லும் இல்லாத இரண்டு பெண்கள் ஒரு காலைப்பொழுதில் செய்து முடித்த காரியத்தை, நான் ஒரு கொப்பியை ஒளித்து வைத்து நடக்க விடாமல் தடுக்கப் பார்த்திருக்கிறேன். அழுகை வந்தது. அம்மா என் முதுகைத் தடவினார்.

"அழுது முடிய சரியான பசி. அவ சோறு போட்டுக் கருவாடும் பொரிச்சுத் தந்தா. ஒரு கோப்பை நிறையச் சாப்பிட்டன்." கொஞ்சம் யோசித்தார். "துடக்குக் கழிய இன்னும் ஒரு நாள் கிடந்தது. மாமிக்குச் சொல்லிப்போடாதை."

சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.